பால் பிடிக்கும் முப்பது நாள்

கதிர் வெளியே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தில்தான் காவிரிப் படுகையின் பெரும்பாலான வயல்கள் நடத்தப்படுகின்றன. மேலுரம் போட்டாயிற்று, களை எடுத்தாயிற்று, மருந்தும் அடித்தாயிற்று. அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பதுதான் பாக்கி. ஆனால் அன்றைக்கு அந்தக் கதிரை உருவிப் பார்த்தால் கையில் வருவது காம்பும் வெறும் உமியும்தான். அரிசி என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. கொள்முதல் நிலையத் தராசில் ஏறப்போகும் அரிசியின் எடை முழுவதும் பூத்த நாளிலிருந்து அடுத்த முப்பது நாளில் சேர்கிறது. இந்த அத்தியாயம் அந்த முப்பது நாளைப் பற்றியது.

நெல்மணி என்பது தாவரவியல் கணக்கில் ஒரு விதை மட்டும் அல்ல, முழுக் கனி. மாங்காயைப் போலவே அதுவும் ஒரு பூவின் சூலகம் பருத்து உண்டானது. கனியின் தோலும் விதையின் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால் இரண்டும் சேர்ந்து தவிட்டின் மேல்படலமாகிவிட்டன. அந்தக் கனிக்கு வெளியே உமி. பூ திறப்பதற்கு முன்பே உமியின் நீள அகலம் முடிவாகிவிடுகிறது. அரிசி வளர்ந்து உமியைப் பெரிதாக்க முடியாது. உமி முன்கூட்டியே கட்டிவைத்த குதிர்; அதை நிரப்பலாம், நிரப்பாமல் விடலாம், விரிக்க முடியாது. ஆயிரம் மணிகளை எடை போட்டால் சன்ன ரகமான ஆடுதுறை 43 சுமார் 15 கிராமும், பொன்மணி என்று படுகையில் அறியப்படும் சி.ஆர். 1009 சுமார் 23 கிராமும் இருக்கும். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி உமியின் அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விவசாயியின் கையில் எஞ்சியிருப்பது, குதிரை எவ்வளவு நிரப்புவது என்பது மட்டுமே.

காலை ஒன்பது மணிக்கு மேல், உச்சிவேளைக்குள், நெல் பூக்கிறது. ஒரு பூ ஏறக்குறைய ஒரு மணி நேரமே திறந்திருக்கும். மகரந்தம் விழுந்த சில மணி நேரத்துக்குள் கருவுறுதல் நடந்து முடிகிறது. அது இரட்டைக் கருவுறுதல்: ஒரு சேர்க்கையிலிருந்து முளை பிறக்கிறது, இன்னொன்றிலிருந்து கருவூண் பிறக்கிறது. நாம் சோறாகத் தின்பது இந்தக் கருவூணைத்தான். முதல் மூன்று நாள் அதன் உட்கருக்கள் இடையில் சுவரே இல்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். பிறகு சுவர் எழும்பி, செல்கள் பிரிகின்றன. நான்காம் ஐந்தாம் நாளில் நடுவிலிருந்து மாவு படியத் தொடங்கி, வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது.

உமியை நகத்தால் பிளந்து பார்த்தால் இதையெல்லாம் கண்ணாலேயே பின்தொடரலாம். பூத்து ஒரு வாரத்துக்குள் பிஞ்சு அரிசி உமியின் உச்சியைத் தொட்டுவிடும். ஆனால் மெலிந்து, பச்சையாக, நீர்த்திருக்கும். அதற்குப் பிறகுதான் அகலமும் கனமும். நசுக்கினால் வெள்ளையாகப் பீச்சுவது பால் பருவம். அந்தப் பாலின் வெண்மை, நீரில் மிதக்கும் மாவுத் துகள்களின் வெண்மைதான். பால் கெட்டிப்பட்டு விரலில் பிசுபிசுத்தால் மாவுப் பருவம். நகம் இறங்க மறுத்தால் முற்றல். வெப்பமான நம் படுகையில் எடை சேர்வது பெரும்பாலும் முதல் இருபது இருபத்தைந்து நாளிலேயே முடிந்துவிடும். கடைசி நாட்கள் ஈரம் வற்றுவதற்கானவை.

மாவு எங்கிருந்து வருகிறது? இலை பகலில் வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பகுதி அங்கேயே பசுங்கணிகத்துக்குள் தற்காலிக மாவாகப் படிந்து, இரவில் மீண்டும் கரைந்து வெளியேறுகிறது. கதிருக்குப் போகும் சரக்கு மாவாகப் போவதில்லை. சுக்ரோஸ் என்ற சர்க்கரையாகக் கரைந்து, புளோயம் குழாய்கள் வழியாகத் தண்டேறுகிறது. கடைசியாக வரும் கண்ணாடி இலையும் அதற்குக் கீழுள்ள இரண்டு இலைகளும்தான் இந்தச் சரக்கில் பெரும்பங்கைத் தருகின்றன. இதற்கு இன்னொரு ஊற்றும் உண்டு. பூப்பதற்கு முன்பே பயிர் தன் தண்டிலும் இலையுறையிலும் கொஞ்சம் மாவைச் சேமித்துவைக்கிறது. மணி நிறையும்போது அதைக் கரைத்துக் கதிருக்கு அனுப்புகிறது. மணியின் எடையில் கால் பங்கு அளவு இப்படி வரலாம். வானம் மூடிக்கொண்ட வாரங்களில் பயிரைத் தாங்குவது இந்தச் சேமிப்பு.

மணிக்குள் வந்த சர்க்கரை மாவாவது ஒரே படியில் நடப்பதல்ல. சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ் வடிவங்களாகிறது. அந்தக் குளுக்கோஸ் ஏ.டி.பி. என்ற மூலக்கூறோடு இணைந்தால்தான் மாவுச் சங்கிலியில் கோக்கத் தகுந்ததாகிறது. இப்படிச் சர்க்கரை ஒரு சுமைதாங்கி மூலக்கூறோடு இணைந்து வேலை செய்வதைக் கண்டறிந்ததற்காகத்தான் அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலோயருக்கு 1970-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நெல் போன்ற தானியங்களில் இந்த இணைப்பு பெரும்பாலும் செல்லின் திரவத்திலேயே நடந்து, பிறகு அமைலோபிளாஸ்ட் என்னும் நுண் பைகளுக்குள் கடத்தப்படுகிறது. அங்கே ஒரு நொதி சங்கிலியை நீட்டுகிறது, இன்னொன்று கிளை பிரிக்கிறது, வேறொன்று தப்பான கிளைகளைக் கத்தரிக்கிறது. நெல்லில் ஒரே பைக்குள் பல நுண்மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் முகம் மற்றொன்றில் அழுந்திப் பல கோணங்களோடு உருவாகின்றன. ஒவ்வொன்றும் மூன்று முதல் எட்டு மைக்ரான். தானியங்களில் இவ்வளவு சிறிய மாவுத் துகள்கள் அபூர்வம். தீட்டிய அரிசியின் உலர் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த மாவுதான்.

கிளை இல்லாத நீள் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். கிளைத்தது அமைலோபெக்டின். அமைலோஸ் கூடினால் சோறு உதிரியாக வேகும்; குறைந்தால் குழையும், ஒட்டும். இட்லிக்கு ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகங்களைத் தேடுகிறார்கள், பந்திச் சோற்றுக்கு வேறு ரகம் தேடுகிறார்கள். அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருப்பது பால் பிடிக்கும் நாட்களில் இந்த நொதிகள் பிரித்துக்கொண்ட வேலை விகிதம். அமைலோஸே இல்லாத அரிசியும் உண்டு. அசாமின் போரா அரிசி அந்த வகை.

இனி வயலில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. மருந்துக்கடையில் காயத்துக்குப் போடக் கிடைக்கும் அயோடின் கரைசல் போதும். பெட்டாடின் என்றாலும் சரி. வெளிர் பழுப்பு நிறம் வரும்வரை தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். கதிரின் மேல், நடு, அடிக் கிளைகளிலிருந்து சில மணிகளை எடுத்து, உமி நீக்கி, பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கலாம். மாவு உள்ள இடம் கருநீலமாகும். மிக இளம் பிஞ்சில் வெளி வளையம்தான் நீலமாகும். கனித்தோல் தொடக்க நாட்களில் தனக்கென்று கொஞ்சம் மாவு வைத்திருந்து, பிறகு அதை விட்டுக்கொடுத்துவிடுகிறது. சில நாள் கழித்து நடுவில் நீலப் புள்ளி தோன்றி, விரிந்து, கடைசியில் முழு முகமும் கறுத்துவிடும். மேல் கிளை மணி முழுக்கக் கறுத்திருக்க, அடிக் கிளை மணியில் நடுப்புள்ளி மட்டும் தெரிந்தால் அந்த வயலுக்கு இன்னும் தண்ணீரும் இலையும் நாட்களும் தேவை என்று பொருள். மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பி இயந்திரத்துக்குத் தேதி கொடுப்பதைவிட இது நம்பகமான வழி.

மேலும் அடியும் ஏன் வேறுபடுகின்றன? கதிர் ஒரே நாளில் பூப்பதில்லை. நுனியில் தொடங்கி அடிக்கு இறங்க ஒரு வாரம் வரை ஆகிறது. முதலில் பூத்த மணிகள் சரக்கை முந்தி இழுத்துக்கொள்கின்றன. அடியில், துணைக்கிளைகளில் உள்ளவை பிந்திப் பூத்து மெதுவாக நிறைகின்றன. தட்டுப்பாடு வந்தால் முதலில் வாடுவது அவைதான். பெரிய கதிரைக் கண்டு மகிழ்ந்தவர் களத்தில் ஏமாறுவதற்கு வழக்கமான காரணம் இது.

களத்தில் தூற்றும்போது பறப்பதையெல்லாம் பதர் என்று ஒரே கணக்கில் ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு. அதில் இரண்டு தனிக் கதைகள் இருக்கின்றன. சாவி என்பது உள்ளே எதுவுமே இல்லாத மணி: வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும், உள்ளே காய்ந்த சூலகத்தின் துணுக்கு மட்டும் கிடக்கும். கருவுறவே இல்லை என்று அதற்குப் பொருள். பூத்த நேரத்து மழையோ கடும் வெப்பமோ வறட்சியோ அதற்குக் காரணமாகலாம். கருக்காய் வேறு. அது கருவுற்று, பால் பிடித்து, பாதியில் நின்றுபோனது. அதற்கான காரணத்தைப் பூத்ததற்குப் பிந்தைய நாட்களில் தேட வேண்டும்: இலை போயிருக்கலாம், தண்ணீர் நின்றிருக்கலாம், பயிர் சாய்ந்திருக்கலாம், பூச்சி உறிஞ்சியிருக்கலாம்.

அறுவடைக்கு முன் வயலின் வெவ்வேறு இடங்களில் பத்துக் கதிர் எடுத்து, நிறைமணி, கருக்காய், சாவி மூன்றையும் தனித்தனியே எண்ணிக் குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு எங்கே கைவைக்க வேண்டும் என்பது தெளிவாகும். அடிக் கிளைகளில் கருக்காய் மிகுந்திருந்தால் அது சரக்குத் தட்டுப்பாடு. கதிரின் ஒரு பகுதியில் மட்டும் சாவி கூட்டமாக இருந்தால் அந்தப் பகுதி பூத்த இரண்டொரு நாளின் வானிலையைக் கேட்க வேண்டும். முழுக் கதிரும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது வெண்கதிர், குருத்துப்பூச்சியின் வேலை.

தஞ்சைப் படுகையில் இந்த முப்பது நாள் பட்டத்துக்குப் பட்டம் வேறு வேறு வானத்தின் கீழ் வருகிறது. குறுவை ஆவணி வாக்கில் பூக்கிறது. வெயில் தாராளம், ஆனால் வெப்பமும் தாராளம். பூ திறக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காமல் சாவி கூடும். இரவு வெப்பம் இன்னும் நுட்பமான திருட்டு. பயிர் இரவில் மூச்சுவிட்டே சர்க்கரையை எரிக்கிறது. இரவு சூடானால் எரிப்பு கூடுகிறது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரையான விளைச்சலை ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரை, கோடைப் பருவத்துக் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. வெப்பத்தில் அவசரமாக நிறையும் மணியில் மாவுத் துகள்கள் நெருங்கிப் படியாமல் இடையில் காற்று தங்கிவிடும். அந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். ஆலையில் அப்படிப்பட்ட அரிசி குறுணையாக உடையும்.

சம்பாவின் சிக்கல் மேகம். ஆவணியில் விதைத்த நீண்ட வயது ரகம் மார்கழியை ஒட்டிப் பூத்து, பொங்கலையொட்டி அறுவடைக்கு வருகிறது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை வாரங்களில் வெயில் குறைவு. தண்டுச் சேமிப்பு மெலிந்திருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜாவைப் போன்ற புயல் வந்தால் இலை கிழிந்து, பயிர் சாய்ந்து, சரக்குப் போகும் வழியே முறிகிறது.

தாளடிக்கோ தண்ணீர்தான் கேள்வி. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. குறுவைக்குப் பின் நட்ட தாளடி பூப்பதும் பால் பிடிப்பதும் சரியாக அந்த மூடல் தேதியை ஒட்டித்தான். அணை திறப்பு தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். 2024-இல் ஜூலை 28 அன்றுதான் மேட்டூர் திறந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் நாற்றங்கால் போடும் நாளிலேயே ஒரு கணக்குப் போட வேண்டும்: இந்த ரகத்தின் வயது எத்தனை, அறுவடையிலிருந்து முப்பது நாள் பின்னால் போனால் எந்தத் தேதி, அன்று வாய்க்காலில் தண்ணீர் இருக்குமா? இருக்காது என்றால் வயது குறைந்த ரகத்துக்கு மாறுவதுதான் சரி. ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் படுகையின் பட்டங்களுக்கென்றே பல வயதுகளில் ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. அந்த வயது வேறுபாட்டை இந்தக் கணக்குக்குப் பயன்படுத்துவோர் இன்னும் கூட வேண்டும்.

பராமரிப்பில் முதலிடம் தண்ணீருக்கு. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்த ஒரு வாரம் வரை வயலில் 5 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும். இந்த இரண்டு வாரத்தில் காய விடுவது சாவியை வரவழைப்பது. அதற்குப் பின் தொடர்ந்து தேக்கிவைக்கத் தேவையில்லை. துளையிட்ட வயல்நீர்க் குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். இப்படி மிதமாகக் காய்ந்து நனையும் நிலம் தண்டுச் சேமிப்பைக் கதிருக்கு விரைவாக அனுப்புகிறது என்பதைச் சீனாவின் யாங்ஜோ பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நீரை வடித்துவிடலாம். அதற்கு முன்னால், மாவுப் பருவத்திலேயே வடிப்பதுதான் தவறு. இயந்திரம் சேற்றில் இறங்காது என்ற அவசரத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். இழப்பு அடிக் கிளைகளில் விழுகிறது.

உரத்தில் கவனிக்க வேண்டியது தழைச்சத்தின் மிகுதி. கடைசியில் யூரியாவைக் கூட்டினால் பயிர் பச்சை கட்டிக்கொண்டு, தண்டிலுள்ளதை விடாமல் வைத்துக்கொள்ளும். பூச்சியும் குலைநோயும் தேடி வரும். சாம்பல் சத்து இதற்கு நேர்மாறான உதவி. சர்க்கரையைக் குழாயில் ஏற்றுவதற்கும் மாவு கோக்கும் நொதி இயங்குவதற்கும் பொட்டாசியம் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 2 சதவீத டி.ஏ.பி., 1 சதவீத யூரியா, 1 சதவீத பொட்டாஷ் கலந்த இலைவழித் தெளிப்பு: கதிர் உருவாகும்போது ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 4 கிலோ டி.ஏ.பி., 2 கிலோ யூரியா, 2 கிலோ பொட்டாஷ். டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துச் சேர்க்க வேண்டும். தெளிப்பதானால் மாலையில், பூக்கும் முற்பகலில் எந்த மருந்தும் கூடாது.

மேல் மூன்று இலைகளைக் காப்பதும் இதே வேலையின் பகுதிதான். இளம் பயிரில் இலைச்சுருட்டுப் புழு கொஞ்சம் தின்றாலும் பயிர் ஈடுசெய்துகொள்ளும். கண்ணாடி இலையை இழந்தால் ஈடுசெய்யப் புது இலை வராது. பால் பருவத்தில் மணியிலிருந்தே நேரடியாக உறிஞ்சுவது கதிர் நாவாய்ப் பூச்சி. வயலில் நடந்தால் அதன் நாற்றமே காட்டிக்கொடுக்கும். பூக்கும் தருணத்தில் நூறு கதிருக்கு 5, பால் பருவத்திலிருந்து 16 பூச்சி என்பதே நடவடிக்கைக்கான எல்லை. வரப்புப் புற்களில்தான் அது முன்கூட்டித் தங்கியிருக்கும் என்பதால் கதிர் வருமுன் வரப்பைச் செதுக்கிவிடுவது பாதி வேலையை முடிக்கும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைப் பால் பருவத் தொடக்கத்தில் தெளிக்கலாம்.

திருவையாறு பக்கம் ஆற்றோரம் வாழை வைத்திருப்போர் இதே வேதியியலின் வேறு முடிவைத் தினமும் பார்க்கிறார்கள். பச்சை வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவு. பழுத்தால் ஒன்றிரண்டு சதவீதமே மிஞ்சும், மற்றது சர்க்கரையாகிவிடும். வாழை சேமிப்பது தின்ன வருவோரை ஈர்ப்பதற்காக, நெல் சேமிப்பது தன் முளைக்காக. அதனால்தான் வாழையில் மாவு உடைவது ஆதாயம், நெல்லில் அதே உடைவு நட்டம்.

2021 ஜனவரியில் அந்த நட்டத்தைப் படுகை முழுதும் கண்டது. அறுவடைக்கு நின்ற சம்பா, பருவம் தப்பிய மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்து மழையும் அப்படியே. ஈரம் கிடைத்த முளை ஒரு சமிக்ஞை அனுப்ப, அமைலேஸ் என்ற நொதி சுரந்து, முப்பது நாள் சேர்த்த மாவைச் சில நாட்களில் கரைக்கத் தொடங்குகிறது. முளை வெளியே தெரியாத மணியிலும் இந்தக் கரைப்பு தொடங்கியிருக்கலாம். அந்த அரிசி குழையும், மாவு பிசுபிசுக்கும். சாய்ந்த வயலில் முதலில் நீரை வடிக்க வேண்டும், சாய்ந்ததை நான்கைந்து தூராகச் சேர்த்து நிமிர்த்திக் கட்ட வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்புக் கரைசலைக் கதிரில் தெளித்து முளைப்பைத் தாமதப்படுத்துவதும் கடலோர மாநிலங்களின் வேளாண் அறிவுரைகளில் உண்டு.

கதிரில் 80 சதவீத மணி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அறுக்கலாம். முந்தினால் கருக்காய், பிந்தினால் பனியில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மணிக்குள் கீறல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். முற்றாத, சுருங்கிய மணிகளுக்கு வரம்பு 3 சதவீதம். ஈரம் தளர்த்தப்பட்ட ஆண்டுகள் உண்டு. ஆனால் ஈரத்தைக் களத்து வெயிலில் குறைக்கலாம், சுருங்கிய மணியை எந்த வெயிலும் நிரப்பாது. உலர்த்தும்போதும் ஒரே மூச்சில் உச்சி வெயிலில் மெல்லியதாகப் பரப்பாமல், நிரவிக் கிளறிவிட்டுக் காயவைத்தால் கீறல் குறையும். புழுங்கலுக்குப் போகும் நெல்லில் ஓரளவு கீறலை ஆவி ஒட்டவைத்துவிடும். பச்சரிசிக்குப் போவதில் அந்தச் சலுகை இல்லை.

விதைக்கு எடுத்துவைப்பதை 13 சதவீதம் வரை காயவிட வேண்டும். நாற்று மூன்றாம் இலை விடும்வரை அதற்குச் சாப்பாடு இந்த மாவுதான் என்பதால், நிறைந்த மணியைப் பிரித்தெடுப்பது வீண் வேலையல்ல. கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு வாளித் தண்ணீரில் உப்புக் கரைத்து விதையைக் கொட்டினால் கருக்காயும் அரைநிறைவும் மேலே வந்துவிடும். அவற்றை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கியதை உப்பு போக இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஊறப்போட வேண்டும்.